லயனலுக்குப் போன பதில்

"ஐயோ, 'கண்ணே'ன்னெல்லாம் எழுதாதேடி. கப்பல் இன்ஜினியர் அப்படி எழுதமாட்டான்" என்றாள் தோரா, கட்டிலில் சாய்ந்தபடி.

பெரில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இடது கையை உதறிக்கொண்டாள். "வேற எப்படி எழுதுவானாம்? 'அன்புள்ள பாய்லரே'ன்னா?"

தோரா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் அடங்க நேரமாயிற்று. பெரில் எழுந்து தலையணையை உயர்த்தி வைத்து, தண்ணீரைப் புகட்டி, அக்காவின் வாயைத் துடைத்துவிட்டு, மறுபடியும் மேஜைக்கு வந்து பேனாவை இடது கையில் எடுத்தாள்.

"வெறும் 'தோரா'ன்னு ஆரம்பி. கொஞ்சமாப் பேசற ஆளு."

"போன கடுதாசியில ரெண்டு பக்கம் பேசினான்."

"அது குடிச்சிருந்தப்ப."

இன்று மூன்று மணிக்குள் இதை முடித்தாக வேண்டும். பல்கலைக்கழக நூலகத்திலிருந்து வேன் வருகிறது. தோரா ஹெப்டன் எழுதிய நாவல்களின் கையெழுத்துப் பிரதிகள், நாட்குறிப்புகள், கடிதங்கள் எல்லாவற்றையும் அவள் உயிரோடு இருக்கும்போதே தந்துவிடுவதாக ஒப்பந்தம். போன மாதம் இமோஜன் என்ற இளம்பெண் நூலகத்திலிருந்து வந்து, மாடியறையில் அடுக்கியிருந்த பெட்டிகளை வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பதிப்பாளரோடு போட்ட சண்டைகள் இருந்தன. சாக்கடை அடைப்பைப் பற்றி ஃபைலி நகராட்சிக்கு அனுப்பிய மனுக்களின் நகல்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. முன்பின் தெரியாத வாசகிகள் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், பல் டாக்டரின் ரசீதுகள், ஆரஞ்சு ஜாம் செய்யும் முறை எல்லாம் இருந்தன. இமோஜன் மரியாதையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிஸ் ஹெப்டன், தனிப்பட்ட கடிதங்கள்னு... அந்த மாதிரி ஏதாவது?" என்று கேட்டாள்.

"வேற எங்கேயோ வச்சிருக்கேன். தேடி எடுத்து வைக்கிறேன்" என்று தோரா கண்ணிமைக்காமல் சொன்னபோது, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரில் தட்டிலெல்லாம் ஊற்றிவிட்டாள்.

தோராவின் நாவல்களில் ஓடிப்போகிறவர்கள் இருப்பார்கள். ஏமாற்றுகிறவர்கள், ஏமாந்த பிறகும் ரயிலடியில் காத்திருக்கிறவர்கள் இருப்பார்கள். அவளைத் தேடி மட்டும் எந்த ரயிலும் வந்ததில்லை. காலையில் எழுதுவாள், மதியம் கடற்கரையில் நடப்பாள், இரவு தங்கையோடு சீட்டாடித் தோற்பாள். அதுதான் அவள் வாழ்க்கை.

அன்று அந்தப் பெண் போனதும் தோரா சொன்னாள்: "அவ முகத்தைப் பார்த்தியா? பாவம், அவ்வளவு தூரம் வந்தா. என் சாக்கடையைப் பத்தித்தான் ஆராய்ச்சி பண்ணப்போறா."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"ஒருத்தனைப் பிடிக்கணும்."

அப்படித்தான் லயனல் பிறந்தான். ஹல் துறைமுகத்திலிருந்து புறப்படும் சரக்குக் கப்பல் ஒன்றின் இன்ஜினியர். உயரம், சிவந்த தலைமுடி, வலது காது சற்று மந்தம். பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் ஹாக்கி சொல்லிக் கொடுத்து, கோட்டைத் தாண்டிய பந்தைத் தாண்டியதாகவே சொல்லிப் பழகிய பெரிலுக்கு இது ஒப்பவில்லை. "பொய்யாச்சே, தோரா" என்றாள்.

"காலம் பூரா நான் பொய் எழுதித்தானே சாப்பிட்டோம். அப்ப நீ வாயே திறக்கலையே."

தோராவின் கையெழுத்து இமோஜனுக்கு அத்துப்படி. அதனால் எழுதும் வேலை பெரில் தலையில் விழுந்தது, அதுவும் இடது கையால். எழுதிய தாளைத் தேநீரில் நனைத்து, அடுப்பில் குறைந்த சூட்டில் வாட்டினால் நாற்பது வருடப் பழுப்பு வந்துவிடும் என்று தோரா ஏதோ துப்பறியும் கதையில் படித்திருந்தாள். முதல் கடிதம் கருகிப்போனது. லயனல் முதன்முதலாக முத்தம் கேட்டிருந்தது அதில்தான். மறுநாள் ஊசி போட வந்த நர்ஸ் ஷீலா மூக்கை உறிஞ்சி, "அடடா, என்ன வாசனை! ஸ்கோன் ரொட்டியா?" என்றாள்.

"காதல் கடுதாசி. ரெண்டாவது ஈடு" என்றாள் தோரா.

ஷீலா அதை மருந்தின் கோளாறு என்று முடிவு செய்து, டாக்டருக்கான அட்டையில் குறித்துவிட்டுப் போனாள். சகோதரிகள் இருவரும் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

லயனலுக்குப் பெரிலைக் கண்டால் ஆகாது. 'நான் வந்தபோது உன் தங்கை ஹாக்கி மட்டையோடு வாசலில் நின்றாள்' என்று ஒரு கடிதத்தில் எழுதினான். அதைத் தன் கையாலேயே எழுதிய பெரில், பேனாவை நிறுத்தி, "நான் எப்படி அப்படி நின்னேன்?" என்று கேட்டாள்.

"மட்டை இல்லாட்டாலும் நீ அப்படித்தான் நிப்பே."

இன்று எழுதுவது கடைசிக் கடிதம். இதில்தான் இருவருக்கும் தகராறு. லயனல் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும், காரணமே சொல்லக்கூடாது, ஆராய்ச்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும் என்றாள் தோரா. பெரில் பேனாவை மூடிவிட்டாள்.

"நான் எழுதமாட்டேன். அவன் வரட்டும்."

"எங்கே?"

"இங்கேதான். வந்து கட்டிக்கட்டுமே. ரெண்டு வாரமா நான் அவனுக்காகக் கை ஒடிய எழுதறேன், கைவிட்டுட்டுப் போறதுக்கா?"

"வந்தா எங்கடி வச்சுக்கறது? இருக்கறது ரெண்டு படுக்கையறை."

"நான் கூடத்துல படுத்துப்பேன்."

தோரா கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் துடைத்தாள். அழுக்கு போகாத மாதிரி மறுபடியும் துடைத்தாள்.

"சரி, எழுது" என்றாள் பிறகு. "'தோரா, உன் பதில் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். நான் கூப்பிட்டும் நீ வரமாட்டாய். வால்பரைசோ துறைமுகம் தூரம் என்று நீ சொல்லவில்லை. என்னைப் பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. உன் தங்கையை விட்டு வராததற்கு நீ சொல்லியிருக்கும் காரணத்தைப் படித்த பிறகு எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவள் அதிர்ஷ்டசாலி. அவளிடம் சொல்லாதே, தலைக்கனம் ஏறிவிடும். லயனல்.'"

பெரிலின் இடது கை மெதுவாக எழுதி முடித்தது. கீழே ஒரு கோடு இழுத்தாள்.

"என்ன காரணம் சொன்னியாம்?" என்று தாளைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எனக்கெப்படித் தெரியும்? பதில் அவன்கிட்டதானே இருக்கு! கப்பலோட முழுகிப்போச்சு."

"கப்பல் முழுகிடுச்சா? எப்ப?"

"இப்பத்தான்."

பெரில் வாய்விட்டுச் சிரித்தாள். தோராவும் இருமல் வராமல் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு, "எனக்கு முட்டை வேணும். அரை வேக்காடா. டோஸ்டை விரல் விரலா நறுக்கி" என்றாள். மூன்று நாளாக அவள் எதையும் கேட்டுச் சாப்பிடவில்லை. பெரில் கிட்டத்தட்ட ஓடினாள்.

தட்டோடு திரும்பி வந்தபோது தோராவின் கண்ணாடி மார்பின் மேல் கிடந்தது. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, யாரோ தப்பாகச் சொல்வதைத் திருத்தப்போகிறவள்போல. பெரில் வாசற்படியிலேயே தெரிந்துகொண்டாள். ஆனாலும் தட்டைச் சத்தம் வராமல் வைத்து, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். முட்டை ஆறிக்கொண்டிருந்தது. சாப்பாட்டை வீணாக்கினால் தோராவுக்குப் பிடிக்காது. பெரில் முட்டையின் தலையைத் தட்டித் திறந்து, டோஸ்ட் விரல்களை ஒவ்வொன்றாகத் தோய்த்து, அவள் அருகிலேயே உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டாள். அதற்கப்புறம்தான் டாக்டருக்குப் போன் செய்தாள்.

டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சவ அடக்க நிலையத்தார் சாயங்காலம் வருவதாகச் சொன்னார்கள். வேனை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மூன்று மணிக்கு அழைப்பு மணி அடித்தது. இமோஜன் ஒரு கேக் டப்பாவோடு சிரித்தபடி நின்றிருந்தாள். பின்னால் ஓட்டுநர் கென்.

"வாங்க. தோரா மத்தியானம் போயிட்டா" என்றாள் பெரில்.

"எங்கே போ..." என்று ஆரம்பித்த இமோஜன் நிறுத்திக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, மன்னிச்சிடுங்க. நாங்க இன்னொரு நாள் வரோம்."

"இன்னொரு நாள் வந்தா அவ என்னைத் திட்டுவா. மாடிக்குப் போங்க தம்பி, வலது பக்க அறை. நீங்க உள்ள வாங்கம்மா. அவளைப் பார்க்கணும்னா பாருங்க. நல்லாத்தான் இருக்கா."

இமோஜன் கட்டில் அருகே கொஞ்ச நேரம் நின்றாள். கென் பெட்டிகளை இறக்கும்போதெல்லாம் படிகள் கிறீச்சிட்டன. தோரா கிடந்த முன்னறை வாசலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அவன் தொப்பியைத் தொட்டான். பெரில் மேஜையிலிருந்த கடிதக் கட்டை எடுத்து இமோஜனிடம் நீட்டினாள். என்ன சொல்ல வேண்டும் என்று தோரா பலமுறை ஒத்திகை பார்த்திருந்தாள், அத்தனையும் பெரிலுக்கு மறந்துபோயிருந்தது. "இதெல்லாம்... அவளுக்கு வந்தது" என்றாள்.

இமோஜன் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். ஒன்றைப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். கண் விரிந்தது. "இவ்வளவு நாளா யாருக்குமே தெரியாதா! யாரு இவரு?" பெரிலுக்குக் காது சூடேறியது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் தோரா இந்தப் பாடெல்லாம் பட்டாள். பெரில் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டியவள் பார்க்கவில்லை.

இமோஜன் கடைசித் தாளுக்கு வந்தாள். அது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. 1953 என்று தேதி போட்டிருந்தது. ஓரத்தில் அவளுடைய வியர்த்த விரல் பட்ட இடத்தில் நீல மை தீற்றிக்கொண்டது. விரலைப் பார்த்தாள். பெரிலின் இடது கையைப் பார்த்தாள். அங்கேயும் அதே நீலம்.

"அது இன்னும் வேகலை" என்றாள் பெரில்.

இமோஜனிடமிருந்து சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு பயத்தோடு கட்டிலைப் பார்த்தாள்.

"சிரிங்க, சிரிங்க. அவளுக்கு அதுதான் வேணும்" என்றாள் பெரில். பிறகு அடுப்பு, தேநீர், கருகிய முத்தம், ஷீலா, அட்டையில் ஏறிய குறிப்பு எல்லாவற்றையும் சொன்னாள். ஹாக்கி மட்டைக்கு வந்தபோது இருவருமே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சொன்னதெல்லாம் அவ. கை மட்டும்தான் என்னுது. உங்களுக்கு இது வேணுமோ, வேண்டாமோ" என்று முடித்தாள்.

"வேண்டாமா! எழுத்தாளர் கடைசியா எழுதினது இதுதானே?" இமோஜன் பென்சிலை எடுத்து, ஒரு உறைமேல் 'லயனல். முடிவுறாத கதை. தங்கையிடம் சொல்லி எழுதியது' என்று எழுதினாள். வெள்ளைத் தாளை உள்ளே வைக்கும் முன் மறுபடியும் படித்தாள். இந்த முறை மெதுவாக. "இதை மட்டும் நீங்க வச்சுக்கறீங்களா?"

பெரில் கைநீட்டினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள். "வேண்டாம். பெட்டிக்குள்ள போகணும்னுதான் எழுதச் சொன்னா. பத்திரமா வைங்க."

வேன் தெரு முனையில் திரும்பியதும் பெரில் மாடிக்கு ஏறினாள். வலது பக்க அறை காலியாக இருந்தது. பெட்டிகள் இருந்த இடத்தில் தரைவிரிப்பு புதுசு மாதிரிப் பச்சையாக இருந்தது. அவற்றுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்ததை அவள் மறந்தே போயிருந்தாள். கொக்கி இறுகியிருந்தது. உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டியதும் கண்ணாடிக் கதவு மேலே நகர்ந்து திறந்தது. காற்று முகத்தில் அடித்தது.

கீழே கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. ஒருவன் தன் நாய்க்குப் பந்தை வீசிக்கொண்டிருந்தான். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "மிஸ் ஹெப்டன்?" என்று யாரோ மெதுவாகக் கூப்பிட்டார்கள்.

"இதோ வர்றேன்" என்றாள் பெரில்.

பந்து அலைக்குள் விழுந்தது. நாய் பாய்ந்து போய், கழுத்தளவு தண்ணீரில் அதைக் கவ்விக்கொண்டு வந்து, கரையேறி உடம்பை உதறியது. நீர்த்துளிகள் வெயிலில் தெறித்து விழுவதை அவள் கடைசித் துளிவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.