கல்யாணம்_03

தேசப்பன் மாமாவின் சவுண்ட் சர்வீஸில் பாட்டுக்குப் பெயர் கிடையாது. முதலில் எந்த வீட்டில் போட்டாரோ, அந்த வீடுதான் பெயர். ‘ஜெயா வீடு’, ‘காசிலிங்கம் வீடு’, ‘காசிலிங்கம் வீடு புதுசு’. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம் படிக்கிற என்னால் இதைச் சகிக்க முடியவில்லை. இருநூற்றுப் பதினான்கு எம்பி3 பாட்டுகளுக்கும் கல்யாணம்_01, சாவு_01 என்று ஒரே சீராகப் பெயர் மாற்றி சிடி போட்டேன். எதையும் கேட்டுப் பார்க்கவில்லை. பெயர் ஒழுங்காக இருந்தால் போதாதா?

மறுநாள் உப்பள முதலாளி புருஷோத்தமன் மகளுக்குக் கல்யாணம். மேளக்காரர்கள் வரவில்லை, கெட்டிமேளம் எங்கள் பெட்டியிலிருந்துதான் வரவேண்டும். முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

“டேய், காசிலிங்கம் வீட்ட எங்கடா வச்ச?”

“ரெண்டையும் கல்யாணத்துல போட்டுட்டேன் மாமா. மூணு, நாலு.”

“ரெண்டையுமா?” மாமா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். “கல்யாணம் முடிஞ்ச எட்டாம் நாளு காசிலிங்கத்தோட அப்பா செத்துட்டாருடா. பழசு கெட்டிமேளம். புதுசு, அப்பனுக்குப் பாடுற ஒப்பாரி. மூணு எது?”

எனக்கு நினைவில்லை. சிடி பிளேயரில் ஒளிர்ந்தது வெறும் எண். மெதுவாக வைத்துப் பார்க்கவும் வழியில்லை. எங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டே நிலை: ஊமை, ஊர். எட்டுக் குழாய் ஸ்பீக்கர்களும் உப்பளத்தைப் பார்த்து வாய் திறந்து நின்றன. கூனிமேடு வரைக்கும் கேட்கும் என்று நேற்றுதான் மாமா பெருமையடித்திருந்தார்.

மணப்பெண்ணின் பக்கத்தில் புருஷோத்தமன். திடகாத்திரமான மனிதர். முந்திரிக்கட்டை மாதிரி கை.

“தப்பா வந்துச்சுன்னா, நான் உனுக்கு மாமா இல்ல. உன்ன எனுக்குத் தெரியவே தெரியாது,” என்றார் மாமா.

ஐயர் கையைத் தூக்கினார். மூன்றை அழுத்தினேன்.

கெட்டிமேளம்!

மாமா என் முதுகில் ஓங்கி அறைந்தார். அட்சதை பறந்தது. தாலி ஏறியது. எனக்கு மூச்சு வந்தது. யாரோ கொடுத்த கலரை ஒரு மடக்குக் குடித்தேன். மேளம் முடிந்தது. பிளேயரில் எண் தானாக மாறியது.

நான்கு.

ஒயரைப் பிடுங்கப் பாய்ந்தேன். அதற்குள் எட்டுக் குழாயும் உப்பளம் முழுக்க அலறிவிட்டன:

“என்னப் பெத்த அப்பாஆ...”

ஒயர் என் கையோடு வந்தது. பந்தலில் இருந்த அத்தனை முகமும் புருஷோத்தமன் பக்கம் திரும்பியது. அவர் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“கரண்ட் போயிடுச்சுங்க!” என்று கத்தினார் மாமா.

அவர் தலைக்கு மேலே சீரியல் லைட் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருந்தது. புருஷோத்தமன் அதை ஒருமுறை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களை நோக்கி இறங்கி வந்தார்.

திரும்பிப் பார்த்தேன். மாமாவைக் காணவில்லை.