நாற்பத்தேழாவது ம்

ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துச் சொச்சம் படிகளில் எழுநூறு சொச்சத்தில் பிரேமுக்குக் கால் பிசகியது. பிரேம் பெங்களூரில் ஒரு சிறிய நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர். தனிமையில் வாடும் இளைஞர்களோடு போனில் பேசித் துணையிருக்கும் ஒரு செயலியை அந்த நிறுவனம் இரண்டு வருடமாக உருவாக்கிக்கொண்டிருந்தது. பெயர் ‘கூடவே’. பதினெட்டுப் பேர் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்ல வேண்டியதை மெசேஜில் சொல்லி, மனிதத் தனிமையை ஒழித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு சிக்கல், செயலி நன்றாகப் பேசியது. ஒரு பிள்ளை வாய் திறந்து “இன்னிக்கு மனசு சரியில்ல” என்றால், “உங்கள் உணர்வு முற்றிலும் நியாயமானது, மூன்று முறை ஆழமாக மூச்சு விடுவோமா?” என்றது. பரிசோதனைக்கு வந்த பிள்ளைகள் இரண்டாவது மூச்சிலேயே ஓடிப்போனார்கள். சிந்தனையை விரிவாக்கலாம் என்று பதினெட்டுப் பேரும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆளுக்கு இரண்டு தடவை வாந்தி எடுத்துக் கொல்லிமலை ஏறினார்கள். மறுநாள் படியில் பிரேமின் கால்தான் விரிந்தது.

சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா பிரசவம் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அங்கே கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்தவள் அம்சவேணி, அந்த மலையிலேயே ஆலத்தூர் நாட்டுக்காரி, நாற்பத்தைந்து வயது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் அவளிடம் எதையாவது சொல்வார்கள். அவள் துடைத்துக்கொண்டே “ம்” என்பாள். இதற்காக அவள் தனியாக எதுவும் செய்ததில்லை. சொல்கிறவர் எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே அது வந்து விழும். சிலது கீழே இறங்கும், சிலது லேசாக மேலே ஏறி ‘அப்புறம்?’ என்று நிற்கும்.

பிரேம் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, மனைவி பிரிந்து போனதைச் சொல்லி, அப்பாவோடு ஆறு வருடமாகப் பேச்சில்லாததைச் சொல்லி, கடைசியில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். கட்டுப் போட்டு எழுந்தபோது மனசு லேசாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அடுத்த காரியமாக அப்பாவுக்குப் போன் போட்டிருப்பார்கள். பிரேம் ஒலிப்பதிவுப் பிரிவுக்குப் போட்டான்.

“கோகிலா, நம்ம பிராடக்ட்ல என்ன இல்லைன்னு கண்டுபிடிச்சிட்டேன்.”

அந்தக் கோகிலவாணி நாமக்கல் பெண். பதினெட்டுப் பேரில் உம் கொட்டினால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள். சென்னையில் ஒரு டப்பிங் கலைஞரை வைத்து ஏற்கெனவே அறுபது ம் எடுத்துப் பார்த்திருந்தாள். பாதி கஸ்டமர் கேர் போலவும், மீதி சந்தேகப்படும் மாமியார் போலவும் இருந்தன.

ஆடி மாதம், அம்சவேணியின் ம்மை எடுக்க மலையிலேயே மூன்று நாள் பதிவு. ரிசார்ட் அறையின் ஜன்னல்களுக்குக் கம்பளி போட்டு, சுவரோரம் மெத்தைகளை நிறுத்தி வைத்தார்கள். கூட்டிப்போகக் கார் வந்தது. அம்சவேணியின் புருஷன் குழந்தைவேலு, மரவள்ளிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தவன், மண்வெட்டியை ஊன்றி நின்று பார்த்தான்.

“ம் சொல்றதுக்குக் காரு வெச்சுக் கூப்பிடறாங்களா? இருபத்திமூணு வருசமா இந்த ஊட்டுல சும்மா சொல்லிட்டுக் கெடந்தயே, புள்ள.”

“நீ சொன்னதுல எதுக்கு ம் கொட்டினேன்னு எனக்கே நெனப்பு இல்ல” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

முதல் நாள் காலை முழுக்க ஒரு ம்மும் வரவில்லை.

“சும்மா எப்படீங்க சார் ம் கொட்டறது? யாராச்சும் எதாச்சும் சொன்னாத்தானுங்களே வரும்.”

எனவே அலுவலக ஊழியர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து சொன்னார்கள். உள்ளே போனவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் வரிசை கட்டி நின்றார்கள். ஒருவன் இரண்டாவது முறையும் நின்று பிடிபட்டான். பிரேம் ஒவ்வொரு ம்முக்கும் பெயர் வைத்தான்: ‘ஆறுதல் நடுத்தரம்’, ‘வியப்பு மென்மை’, ‘தொடர்க’. அம்சவேணிக்கு அவற்றை ஹெட்போனில் போட்டும் காட்டினார்கள். தன் குரலைத் தானே கேட்டது அதுதான் முதல் தடவை. வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் வாய் திறக்குமுன், இது எப்படி வரும் என்று ஒரு நொடி யோசிக்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் மூன்று மணிக்கு அவள் போன் அடித்தது. மகள் மைதிலி. சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் இரண்டாம் வருடம், ஹாஸ்டல் வாசம். அம்சவேணி போனை அமுக்கப் போனாள்.

“எடுங்கக்கா, எடுங்க” என்றாள் கோகிலவாணி. “நேச்சுரலா வரும். பாப்பா பேசறது பதிவாகாது, உங்களது மட்டுந்தான்.”

மைதிலி நான்கு நிமிடம் பேசினாள். எதிரே கம்ப்யூட்டரில் ஒரு பச்சைக் கோடு அம்சவேணி ம் சொல்லும்போதெல்லாம் மலைபோல எழுந்து இறங்கியது. உயர எழுந்தால் பிரேம் கட்டைவிரலைத் தூக்கினான். அவள் கோட்டைப் பார்த்தே சொன்னாள். பதினோரு ம். பத்தாவதுக்கே கோகிலவாணியின் கண் கலங்கிவிட்டது. மைதிலி, “அப்ப வெக்கிறேன்” என்றாள். அம்சவேணி அதற்கும் “ம்” என்றாள்.

“இதுதான்! பதிவு நம்பர் நாற்பத்தேழு!” என்று பிரேம் ஒற்றைக்காலில் எழுந்து நின்று கைதட்டினான்.

வீட்டுக்கு வரும் வழியில்தான், பிள்ளை என்ன சொன்னது என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. திரும்பக் கூப்பிட்டாள்.

“என்ன கண்ணு, மத்தியானம் என்னமோ சொன்னயே?”

“ஒண்ணுமில்லம்மா” என்றாள் மைதிலி.

ஐப்பசியில் ஒரு நாள் மைதிலி தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஏன் வந்தாய் என்ற கேள்விக்கு, “வந்துட்டேன்” என்பது பதிலாக இருந்தது. சொன்ன வேலையைச் செய்தாள், போட்டதைச் சாப்பிட்டாள். கல்லூரிக்குப் போன் போட்டால், அவராகத்தான் போனார் என்றார்கள். குழந்தைவேலு பத்து நாள் கேட்டான், பதினோராம் நாள் கத்தினான், பிறகு மனைவி பக்கம் திரும்பினான்.

“ஊரு உலகமெல்லாம் உங்கிட்ட வந்து கொட்டுது. பெத்த புள்ள வாயத் தொறக்க மாட்டீங்குது. நீயெல்லாம் என்ன ம் கொட்டற?”

அது குத்தியது. ஏனென்றால் அவளும் தினமும் முயன்றுகொண்டுதான் இருந்தாள். சாயங்காலம் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் மகள் உட்காரும்போது, கொஞ்சம் தள்ளி ஒரு முறத்தோடு போய் உட்காருவாள். எதுவும் கேட்கமாட்டாள், காத்திருப்பாள். என்றாவது மைதிலி, “காத்து அடிக்குது” என்பாள். அம்சவேணி “ம்” என்பாள். சொன்ன கையோடு அது ஹெட்போனில் எப்படிக் கேட்டிருக்கும் என்று தோன்றும். மகள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போவாள்.

தை மாதம் ‘கூடவே’ வெளியானது. பெரிய ஓட்டலில் விழா. இதுவரை பேசிக்கொண்டிருந்த தொழில்நுட்பம் இன்றுமுதல் கேட்கத் தொடங்குகிறது என்று பிரேம் ஒரு மணி நேரம் பேசினான். கேள்வி கேட்க யாருக்கும் வாய்ப்புத் தரவில்லை. அம்சவேணிக்குக் கூரியரில் ஒரு சால்வையும் ஒரு கேடயமும் வந்தன. கேடயத்தில் ‘அம்சவல்லி’ என்று இருந்தது. மலை முழுக்கச் செய்தி பரவியது. டீக்கடை ராசு அவளைக் கண்டதும் போனை ஆட்டிக் காட்டினான்.

“அம்சவேணி, உன்னய இதுக்குள்ள போட்டு வெச்சிருக்கறேன். என்ன திட்டினாலும் ம்ங்கற. இது முன்னமே தெரிஞ்சிருந்தா நான் கலியாணமே கட்டியிருக்க மாட்டேன்.”

“உன்னயக் கட்டினவளும் அதையேதான் சொல்றா” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மாசியில் ஒரு சனிக்கிழமை, வேலை மத்தியானமே முடிந்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் யாருமில்லை. பின்னால் காட்டோரம், போனுக்கு இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும் பாறையில் மைதிலி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பேசிக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல், கையை ஆட்டி, சத்தமாக.

அம்சவேணிக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டாள், எந்தப் புண்ணியவதி பெற்ற பிள்ளையோ என்று சில்வர் ஓக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனைக்காரி “ம்” என்றாள். தெரிந்த குரலாக இருந்தது. யாரென்று பிடிபட ஒரு நிமிடம் ஆயிற்று.

“சங்கிலி காணம்னதும் எல்லாரு பொட்டியும் பாக்கல. எம் பொட்டிய மட்டுந்தான் கவுத்தாங்க” என்று மைதிலி போனிடம் சொன்னாள். “மலைக்காரி, இவதான் எடுத்திருப்பான்னாங்க. சங்கிலிக்காரியேதான் சொன்னா, நாலு மாசம் எங்கூட ஒரே ரூம்ல படுத்தவ.”

“ம்” என்றது போன்.

“ஒம்பதாம் நாளு சங்கிலி கெடச்சிருச்சு. அவ பேக்கிலயேதான் இருந்திருக்குது. ஆனா கெடச்சிருச்சுன்னு எங்கிட்ட யாரும் சொல்லல. அவ கழுத்துல போட்டுட்டு வந்து சோறு வாங்க நின்னா, அதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அப்புறமும் எம் பக்கத்துல உக்காந்து ஒருத்தரும் சாப்பிடல. திருடின்னு சொன்னப்பறம் எப்படித் திரும்பப் பேசறதுன்னு அவங்களுக்கு வெக்கம். அவங்க வெக்கத்துக்கு நாந் தனியா உக்காந்து சாப்பிட்டேன்.”

“ம்…”

இடம் தவறவில்லை. அம்சவேணியின் தொண்டையிலும் ஒவ்வொரு முறையும் அது எழுந்தது. எழுவதற்குள் போன் சொல்லிவிட்டிருந்தது.

“பொட்டியக் கவுத்த அன்னிக்கே அம்மாளுக்குப் போன் போட்டேன். ‘திருடிங்கறாங்கம்மா, வந்து கூட்டிட்டுப் போ’ன்னேன். ம்-னுச்சு. ‘நாளைக்கு மொத பஸ்ஸுக்கே வந்துருவியா’ன்னேன். அதுக்கும் ம்-னுச்சு. ரெண்டு நாளு ஹாஸ்டல் கேட்டுக்கிட்டயே உக்காந்திருந்தேன். வாட்ச்மேன் உள்ள போ போன்னாரு. எங்கம்மா வாரேன்னு சொல்லீருக்குதுங்கன்னேன்.”

போன் “ம்” என்றது. நாற்பத்தேழாவது. அம்சவேணிக்கு அந்தப் பச்சைக் கோடு கண்ணில் எழுந்தது.

“கண்ணு” என்றாள்.

மைதிலி திரும்பினாள். திடுக்கிடவில்லை. போனை அணைத்து மடியில் வைத்தாள்.

“எப்ப வந்த?”

“பொட்டியக் கவுத்தாங்கன்னு சொன்னியே, அப்ப.”

“ஓ.”

“அன்னிக்கு அந்த மிசினு முன்னால உக்கார வெச்சிருந்தாங்க சாமி. நீ சொன்னது காதுலயே ஏறல எனக்கு. சத்தியமா ஏறல.”

“ஏறலீன்னா ஏம்மா ம்-னு சொன்ன?”

அம்சவேணி பாறைக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்தாள். மகளின் முழங்காலைத் தொடப் போன கையைப் பாதியில் எடுத்துக்கொண்டாள்.

“இப்பச் சொல்லு கண்ணு. மொதல்ல இருந்து சொல்லு. வாயத் தொறக்காம கேக்கறேன்.”

மைதிலி குனிந்து அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று அம்சவேணிக்குப் பட்டது.

“உங்கிட்ட ஒரு தடவ சொன்னேன். இதுங்கிட்ட ஒரு தடவ சொன்னேன். மூணாவது தடவ என்னால முடியாதும்மா.”

“அதுங்கிட்ட எதுக்குடா சொன்ன? அது நாந்தேன்னு தெரியுந்தானே?”

“தெரியும். உங்கிட்டச் சொன்ன மாதிரியும் இருக்கும், உம் மூஞ்சியப் பாக்க வேண்டியதும் இல்லீன்னுதான்.”

சொல்லிவிட்டு எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். பனி இறங்குமுன் மிளகை அள்ள வேண்டும் என்றாள். இரண்டு பேரும் வாசலுக்கு வந்து எதிரெதிரே குந்தி, கையால் கூட்டிச் சாக்கில் அள்ளிப் போட்டார்கள். மகள் சாக்கின் வாயைப் பிடித்தாள், அம்மா கொட்டினாள். அந்த இரண்டு நாளும் கேட்டுக்குப் பக்கத்தில் எங்கே உட்கார்ந்திருந்தாய், வெயிலா, நிழலா, என்ன சாப்பிட்டாய் என்று கேட்க அம்சவேணிக்கு வாய்வரை வந்தது. அதைக் கேட்டால் மூன்றாவது தடவையில் சேர்ந்துவிடுமோ என்று பயந்து, கேட்காமல் அடுத்த கை மிளகை அள்ளினாள்.