பதினைந்தாவது தட்டு

மாமா ஸ்டூலில் ஏறி நின்று இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். தட்டு அசையவில்லை.

“சும்மா தடவிக்கிட்டு நிக்காதீங்க. பிடுங்குங்க,” என்றாள் அத்தை.

“பிடுங்கறதுக்கு இது என்ன பல்லா? இழுத்தா சுவரே கூட வந்துடும் போல இருக்கு.”

கூடத்தில் இருந்த முப்பது பேரும் அழுகையை நிறுத்திவிட்டு மாமாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரை ஒட்டிப் போட்டிருந்த கட்டிலில் அப்பா படுத்திருந்தார். கழுத்துவரை வெள்ளைத் துணி. அவர் தலைக்கு மேலே மூன்று வரிசையாகப் பதினைந்து பீங்கான் தட்டுகள். மூன்று மணிக்கு வண்டி வரும். அதற்குள் அத்தனையும் சுவரைவிட்டு இறங்கியாக வேண்டும் என்று காலையிலிருந்து ஒற்றைக் காலில் நின்றாள் அத்தை.

“என் தம்பி உயிரைக் குடிச்ச தட்டுங்க. அவன் தலைமாட்டுல ஒண்ணுகூட இருக்கக் கூடாது.”

தண்ணீர்க் குடத்தோடு வந்த மகள் அதை ஓரமாக இறக்கி வைத்தாள். “இழுத்தா வராது மாமா. மேல தூக்கி, இடது பக்கம் ஒரு நூல் அளவு தள்ளணும். அப்பதான் கொக்கி விடும்.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்று மாமா கையை உதறிக்கொண்டார்.

அப்பா முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வேலையிடத்தில் அவருக்கு ‘ரெட்டை ஆணி’ என்று பட்டப்பெயர். நாள்காட்டி மாட்டவும் இரண்டு ஆணி கேட்பார். ஒன்று விட்டால் இன்னொன்று தாங்க வேண்டும், தொங்குகிற எதையும் நம்பாதே என்பதுதான் அவர் கட்சி. தட்டு விஷயத்தில் கேட்கவே வேண்டாம். முதலில் தட்டின் அளவுக்கு வட்டமாகக் காகிதம் வெட்டிச் சுவரில் ஒட்டுவார். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க அந்தக் காகிதத்தைப் பார்ப்பார். பிறகு மட்டம் வைத்து, பென்சிலால் புள்ளி வைத்து, மேல்நோக்கிச் சாய்வாக இரண்டு ஆணி. தட்டின் பின்பக்கக் கம்பியில் இரண்டு கொக்கி. மாட்டிய பிறகும் மூன்று நாள் கீழே மெத்தை போட்டு வைப்பார். “குழந்தை பிறந்த வீடு மாதிரி இருக்கு,” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

தட்டு வாங்குவது அம்மாவின் பைத்தியம். வருடத்துக்கு ஒன்று, கடையில் தள்ளுபடி போடும்போது, அத்தையும் அம்மாவும் சேர்ந்து போய் வாங்குவார்கள். இரண்டு தெரு தள்ளித்தான் அத்தை வீடு. பதினான்கில் பாதி அத்தை கை காட்டியவை.

பதினைந்தாவதை வாங்கிக் கொடுத்தவள் மகள்.

அது இந்த வீட்டில் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நீல விளிம்பு, நடுவில் மஞ்சள் பறவை. நேற்றுக் காலை ஆபீசிலிருந்து போன் செய்து, “இன்னுமா மாட்டல? அப்பா ஆரம்பிச்சா அடுத்த வருஷம்தான். சாயந்திரத்துக்குள்ள மாட்டி எனக்கு போட்டோ அனுப்பணும், சொல்லிட்டேன்,” என்று அம்மாவிடம் அதட்டினாள். சாயந்திரம் போட்டோ வரவில்லை. ஐந்தே முக்காலுக்கு அத்தையின் போன்தான் வந்தது.

இரண்டு மாதம் முன்னால் நெஞ்சு வலி வந்தபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: படி ஏறலாம், ஸ்டூல் ஏறக் கூடாது, கையைத் தலைக்கு மேலே தூக்கி வேலை செய்யக் கூடாது. நேற்று அத்தை அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டிருக்கிறாள், “அவனை ஸ்டூல் மேல ஏத்தினியா?” என்று. “ஆமா அண்ணி, ஏறினார்,” என்றிருக்கிறாள் அம்மா. அதற்குப் பிறகு அம்மா வாயே திறக்கவில்லை. உள்ளறையில் போய் உட்கார்ந்தவள்தான்.

“ஒரு தட்டுக்காகப் புருஷனை அனுப்பிட்டு உள்ள உக்காந்திருக்கா பாரு,” என்றாள் அத்தை, உள்ளறைக்குக் கேட்கும்படி. “இன்னியோட இந்த வாசப்படி எனக்கு முடிஞ்சது. வண்டி கிளம்பினதும் நானும் கிளம்பிடுவேன். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.”

‘அந்தத் தட்டு நான் வாங்கினது. அவசரப்படுத்தினது நான்’ என்ற இரண்டு வாக்கியம் நேற்று இரவு பஸ் ஏறியதிலிருந்து மகளின் வாய்வரை வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தது.

மாமா சாவகாசமாக ஒவ்வொன்றாகத் தூக்கித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுமை இழந்த அத்தை கீழ் வரிசையின் கடைசித் தட்டில் தானே எம்பிக் கை வைத்தாள். வைத்ததுதான் தாமதம், தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுற்றி, சுவரைவிட்டுக் கழன்றது. மகள் பாய்ந்து வயிற்றோடு அணைத்துப் பிடித்தாள்.

மஞ்சள் பறவை. அது இருந்த இடத்தில் சுவரில் ஒரே ஓர் ஆணி.

“பாதியிலேயே விட்டுட்டு இறங்கியிருக்கான்,” என்றார் மாமா மெல்ல. “ரெண்டாவது ஆணி அடிக்கறதுக்குள்ள முடியாம போச்சு போல.”

“ரெண்டாவது ஆணி அடிக்கக்கூட நேரம் குடுக்கலையே!” என்று அத்தை புதிதாக அழ ஆரம்பித்தாள். கூடமும் சேர்ந்துகொண்டது.

மகள் அழவில்லை. ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் அவள் சர்வேயர். மோதி நசுங்கிய வண்டிகளைச் சுற்றி வந்து, எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று எழுதிக் கொடுப்பது வேலை. அதனால்தான் அப்பா அவளை ‘ஆபீசர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. துக்கத்திலும் அந்தக் கண் சும்மா இருக்கவில்லை. ஆணி மேல்நோக்கிச் சாயாமல் கொஞ்சம் கீழே பார்த்து நின்றது. சுற்றிச் சுத்தியல் பட்டுச் சுண்ணாம்பு நாலு இடத்தில் பெயர்ந்திருந்தது. பென்சில் புள்ளி இல்லை. காகிதம் ஒட்டிய அடையாளம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டாவது ஆணி அடிக்காமல் தட்டைக் கையில் எடுக்கிற ஆள் அல்ல அப்பா. ஒற்றை ஆணியில் அவர் தன் சட்டையையும் மாட்டியதில்லை.

“ஆபீசர், இதை வாங்கிக்குங்க.” கீழ்வீட்டு டெய்லர் பக்கத்தில் வந்து சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினார். “நேத்து அம்மா கூப்பிட்டு ஓடி வந்தப்ப அண்ணன் முகத்துல இருந்தது. உடைஞ்சுடப் போகுதேன்னு எடுத்து வச்சேன்.”

பழுப்பு ஃபிரேம். தூரத்தைப் பார்க்கிற கண்ணாடி. டி.வி. பார்க்கப் போடுவது. கைவேலைக்கு அவர் போடுவது கறுப்பு.

“இதைத்தான் போட்டிருந்தாரா?”

“இதைத்தான். பிரம்பு நாற்காலியில சாஞ்சு, சுவரைப் பார்த்த மாதிரி உக்காந்திருந்தார். நாலரைக்கு மேல டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுது. அப்பவே மேல வந்திருக்கணும். ஒரு காலர் பாக்கி இருந்துது...” அவர் முடிக்காமல் நகர்ந்துவிட்டார்.

மகள் தட்டையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அப்பா ஏறவே இல்லல்ல?”

அம்மா கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

“ஆணி அடிச்சது நீதானே?”

“கதவைத் தாழ் போடு,” என்றாள் அம்மா.

போட்டாள்.

“டெய்லர் வரட்டும், அவன் மாட்டித் தருவான்னார். நீ சாயந்திரத்துக்குள்ளன்னு சொன்னியே, நானே ஏறிட்டேன். ரெண்டு ஆணி அடின்னார். சுவரைச் சல்லடை ஆக்கியாச்சு, இதுக்கு ஒண்ணு போதும்னேன். ஒண்ணுல மாட்டாதேன்னார். மாட்டுவேன்னேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டார். உனக்குத்தான் தெரியுமே, கோவம் வந்தா ரெண்டு நாளானாலும் பேச மாட்டார்.”

“ம்.”

“மாட்டிட்டு, சரியா இருக்கான்னு கேட்டேன். ஒரு நூல் மேல போகணும்னார். நகர்த்திட்டு, இப்பன்னு கேட்டேன். பேசல. தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், கை கடுக்குது. திரும்பவும் கேட்டேன். பேசல. வீம்புக்கு உக்காந்திருக்கார்னு நெனச்சேன். நானும் திரும்பிப் பார்க்கல.” அம்மா முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள். “திட்டினேன்டி. கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே, வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமான்னு கேட்டேன். இன்னும் என்னென்னவோ. சுவரைப் பார்த்துக்கிட்டே.”

வெளியே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

“அப்புறம்?”

“இறங்கி வந்தேன். முகத்தைப் பார்க்கக் கூடாதுன்னு நேரா சமையல்கட்டுக்குப் போய் டீ போட்டேன். எனக்கு மட்டும். ஒரு டம்ளர். நின்னுக்கிட்டே முழுசாக் குடிச்சுட்டுத்தான் வெளியே வந்தேன்.”

மகள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அத்தைகிட்ட சொல்லிடலாம்மா. தெரியாம பேசிக்கிட்டு இருக்காங்க. அவர் ஏறல, உக்காந்த இடத்துல போயிட்டார். உன் தப்பு இதுல என்ன இருக்கு?”

“என்னன்னு சொல்லுவ? அவர் உயிர் போய்க்கிட்டு இருக்கு, நான் முதுகைக் காட்டிக்கிட்டுத் திட்டிக்கிட்டு இருந்தேன்னா? டீ குடிச்சேன்னா? ஏத்திவிட்டுக் கொன்னுட்டான்னு சொல்றாங்களா, சொல்லிட்டுப் போகட்டும். அதை நான் தாங்கிப்பேன். இது உன்னைத் தாண்டிப் போகக் கூடாது. என்மேல ஆணை.”

கதவு தட்டப்பட்டது. “வண்டி தெருமுனை திரும்பிடுச்சாம்,” என்றது மாமாவின் குரல்.

மகள் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து தாழ்ப்பாளை நீக்கினாள். அம்மா பின்னால் எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் அத்தை குரலை உயர்த்தினாள்.

“வந்துட்டாளா? நல்லாப் பார்த்துக்கோ. பதினாலு போதாதுன்னு பதினஞ்சாவது கேட்டுச்சே உனக்கு! ஆபீசர், நீதான் ஊரெல்லாம் போய் விபத்தைப் பார்த்து எழுதறியே. இதையும் எழுது. யார் பண்ணின வேலை இது, சொல்லு.”

பதினோரு வருட வேலையில் அவள் ஒரு பொய் ரிப்போர்ட்டும் எழுதியதில்லை. மிரட்டியும் பார்த்திருக்கிறார்கள், கெஞ்சியும் பார்த்திருக்கிறார்கள்.

“என் வேலை அத்தை,” என்றாள்.

“என்னது?”

“அந்தத் தட்டு நான் வாங்கிக் கொடுத்தது. நேத்துக் காலையில போன் பண்ணி, இன்னிக்கே மாட்டணும், போட்டோ அனுப்பணும்னு அடம் பிடிச்சது நான். அம்மா ஏற வேணாம்னுதான் சொல்லியிருக்காங்க. ஸ்டூலைக்கூடப் பிடுங்கி வச்சிருக்காங்க. ஆபீசர் கேட்டுட்டான்னு அப்பாதான் கேக்காம ஏறிட்டார்.”

முதல் பாதி உண்மை, மறுபாதி பொய். இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள்.

அத்தை அம்மா பக்கம் திரும்பினாள். “அப்ப நேத்து ஏன்டி ஆமா ஆமான்னு தலையை ஆட்டின?”

“என்னைக் காப்பாத்தத்தான்,” என்றாள் மகள்.

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். பல் முளைப்பதற்கு முன்பிருந்து இடுப்பில் தூக்கித் திரிந்த பெண். அடிப்பதற்காகக் கை உயர்ந்தது. பாதியில் நின்றது. அந்தக் கையாலேயே தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப தட்டுங்களை...” என்று ஆரம்பித்தார் மாமா, மேல் வரிசையில் கை வைத்தபடி.

“இறங்குங்க கீழ. எந்த நேரத்துல எதைக் கேக்கறதுன்னு இல்ல.”

அம்மா மகளை ஒரு முறை பார்த்தாள். அவ்வளவுதான்.

வண்டி வந்து நின்றது. டெய்லரும் அப்பாவோடு வேலை பார்த்த மூன்று பேரும் தூக்கினார்கள். மாமா முன்னால் போய் “மெதுவா, படி இருக்கு, படி இருக்கு” என்று தெரிந்த படிகளையே எண்ணிச் சொன்னார். பின்னாலேயே எல்லோரும் இறங்கினார்கள். வாசலில் கும்பலாகச் செருப்பு மாட்டியதில் மீதியிருந்தவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலைந்து கிடந்தன. அம்மா வெறுங்காலோடு படியில் கால் வைக்கப் போனாள்.

“வெயில்ல தார் ரோடு கொதிக்குது, அப்படியே போறா பாரு,” என்றாள் அத்தை. முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குவியலைக் கிளற ஆரம்பித்தாள். அம்மாவுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.

“எதுடி உன்னுது? இதா?”

“இல்ல அண்ணி.”

“இந்தப் பழுப்பா?”

“இல்ல அண்ணி.”

“இதா?”

“இல்ல அண்ணி.”

அத்தை கேட்டு முடிப்பதற்கு முன்பே, ஒவ்வொன்றுக்கும், அம்மா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.