மண்டபம் பிடித்த சுருதி

கலாசார மண்டபத்தின் சுவிட்சைப் போடுவது எப்போதும் ராப்போவின் வேலை. பாட்டுக் குழுவின் முதல் குரல் அவர் என்பதால் அந்த உரிமையும் அவருக்கே என்று ஆகியிருந்தது. சுவிட்சைத் தட்டினால் கூரையிலிருந்த பழைய டியூப்லைட்டுகள் உடனே எரிந்துவிடாது. ஒன்று கண் சிமிட்டும். ஒன்று இரண்டு முனைகளிலும் சிவந்து யோசித்துக்கொண்டு கிடக்கும். ஒன்று எரிந்து, அணைந்து, மனம் மாறி மறுபடி எரியும். மேடைக்கு மேலே உள்ள கடைசி விளக்கு நிலைக்கும்வரை யாரும் பேசக் கூடாது. அது குழுவின் பழக்கம். யார் தொடங்கி வைத்தது என்று எவருக்கும் தெரியாது. ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, வட்டமாக, அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். கடைசி விளக்கு நிலைத்ததும் ராப்போ வாயைத் திறப்பார். முதல் சொல் சரியான இடத்தில் போய் உட்காரும். செனெலும் மற்றவர்களும் அதன் அடியில் 'ஏ' என்ற ஒற்றை ஒலியை நீளமாக விரிப்பார்கள். அந்தச் சுருதியின் மேல் பாட்டு நடந்து போகும்.

"இவன் தொண்டைக்குள்ள ஆண்டவன் ஒரு மணியைக் கட்டித் தொங்க விட்டிருக்கான்" என்று செனெல் ஊரெல்லாம் சொல்லித் திரிவார்.

ராப்போ அதை நம்பினார். காலையில் அடுப்படியில் நின்று பூரெக் அடை சுட்டு விற்கிற மனிதருக்கு, மாலையில் அப்படி ஒரு மணி தன்னிடம் இருக்கிறது என்பது பெரிய செல்வம்.

அந்தப் புதன்கிழமை அவர் சுவிட்சைத் தட்டினார். மண்டபம் மொத்தமும் அந்த நொடியே பகலாகிவிட்டது.

அண்ணாந்து பார்க்கக்கூட நேரமில்லை. இருட்டாக இருந்தது, பிறகு இருட்டு என்ற ஒன்று அங்கே எப்போதுமே இருந்ததில்லை என்பது போல இருந்தது. சனிக்கிழமை தேர்வு அங்கேதான் நடக்கப்போகிறது, ஜிரோகாஸ்தர் நகரத்துப் பாட்டு விழாவுக்கு எந்தக் குழு போகும் என்று முடிவாகிற தேர்வு. அதற்காக நகராட்சி பழைய டியூப்லைட்டுகளை எடுத்துவிட்டு எல்ஈடி குழல்கள் போடச் சொல்லியிருந்தது. போட்டவள் ராப்போவின் தங்கை மகள் தாஃபினா. அவளே சொல்லியிருந்தாள், நல்லா இருக்கும் மாமா என்று. ஆனால் இப்படி இருக்கும் என்று ராப்போ நினைக்கவில்லை.

பின்சுவரில் ஒலிவக் காய் பறிக்கும் பெண்களின் பெரிய ஓவியம் உண்டு. அவர்கள் எல்லாரும் பிறந்ததிலிருந்து பார்த்த சுவர் அது. பழுப்பாக, கொஞ்சம் பாசி பிடித்த மாதிரி இருக்கும். இப்போது இலைகளின் அடிப்பக்கம் வெள்ளி நிறத்தில் மின்னியது. பெண்களின் கழுத்தில் வியர்வைகூடத் தெரிந்தது.

"டேய்," என்றார் செனெல் மெதுவாக. "அந்த ஓரத்துப் பொம்பளை கையில குருவிடா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குருவிதான். மார்பு மஞ்சள்.

"நான் கல்யாணத்துக்கு ஆடினதே அந்தச் சுவருக்கு முன்னாடிதான்" என்றார் செனெல். "அன்னைக்கும் அது கல்லுன்னுதான் நினைச்சேன். யாரை அடிக்கப் போறாளோன்னு."

"உங்க பொண்டாட்டியைப் பாவம் பார்த்து உங்களைத்தான் அடிக்க வந்திருப்பா" என்றான் வாஞ்ஜெல். குழுவில் அவன் இரண்டாம் குரல். ராப்போ எடுத்ததை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறவன். எல்லாரையும்விட வயது குறைவு, வாய் அதிகம். "செனெல் அண்ணே, உங்க கோட்டு பச்சையாண்ணே?"

செனெல் குனிந்து பார்த்தார். "அடப் போடா. கருப்புன்னு சொல்லித்தானே வித்தான்."

சிரித்தார்கள். பிறகு தோள்களில் கை போட்டு நின்றார்கள். ராப்போ பழக்கத்தில் அண்ணாந்தார். காத்திருக்க எதுவும் இல்லை. எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன, வெண்மையாக, ஆடாமல் அசையாமல். அவர் வாயைத் திறந்தார்.

முதல் சொல் எங்கேயும் போய் உட்காரவில்லை. கால் வைக்கிற இடத்தில் படி இல்லாமல் போனது போல இருந்தது. குரல் மேலே போய்விட்டது. வாஞ்ஜெல் தன் முறை வந்தபோது எட்டிப் பார்த்து, எட்டாமல், சேவல் மாதிரி பிசிறினான்.

"என்னண்ணே, பூரெக் தொண்டையில சிக்கிருச்சா?"

மறுபடி தொடங்கினார். இந்த முறை கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. செனெல் அந்த ஆழத்தில் ஒரு மூச்சுப் பிடித்துப் பார்த்துவிட்டு இருமினார். மூன்றாவது முறையும் சரியாக வராதபோது யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் ராப்போவுக்கு உறைத்தது.

வியாழக்கிழமையும் அப்படியே. அடுத்த நாள் காலை அடுப்பின் முன் நின்றுகொண்டு மாவை இழுத்து விரித்தபடி அவர் வாய்க்குள்ளேயே முதல் சொல்லைத் தேடினார். இருந்தது, இல்லை, இருந்தது. அறுபது தாண்டினால் பல் போகும், கண் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். மணி போகும் என்று யாரும் சொன்னதில்லை. ஓரம் கருகிய பூரெக் தட்டை அப்படியே ஒதுக்கி வைத்தார்.

அன்று மாலை மண்டபத்துக்குள் நுழைந்ததும் வாஞ்ஜெலைத் தனியே கூப்பிட்டார். "நாளைக்கு முதல் குரலை நீ எடு."

"போங்கண்ணே."

"விளையாட்டுக்குச் சொல்லலடா. என் காது போயிருச்சு."

வாஞ்ஜெலின் முகத்தில் இருந்த குறும்பெல்லாம் வடிந்துவிட்டது. "நீங்க எடுத்தாத்தானே நான் திருப்ப முடியும்?" என்றான். "எனக்குத் திருப்ப மட்டும்தாண்ணே தெரியும்."

தாஃபினா அப்போது நடைபாதையில் கழற்றிப் போட்டிருந்த பழைய விளக்குப் பட்டிகளை வண்டியில் ஏற்ற வந்திருந்தாள். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் கையுறையை உருவினாள்.

"என்ன மாமா, வெளிச்சம் பிடிக்கலையா?"

"வெளிச்சத்துக்கு என்னம்மா குறை. மண்டபந்தான் மூச்சு நின்ன மாதிரி கிடக்கு."

"பின்ன? அந்த இரைச்சல் போயிருச்சுல்ல."

"எந்த இரைச்சல்?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினாள். "சோக்கு இரையிறது மாமா. எல்லாப் பட்டியிலயும் ஒரு பழைய சோக்கு. கூரை பூரா ஊம்முனு. தேனீப் பெட்டிக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கும். சின்ன வயசுல நீங்க பாடறதைக் கேக்க வந்தா எனக்குத் தலைவலியே வந்துரும்."

ராப்போ செனெலைப் பார்த்தார். செனெல் வாஞ்ஜெலைப் பார்த்தார்.

"நான் எதுவும் கேட்டதில்ல" என்றார் செனெல்.

"நானும்தான்."

ராப்போவும் கேட்டதில்லை. ஆனால் அவருக்குள் ஏதோ மெதுவாகப் புரண்டது. போன ஜிரோகாஸ்தர் விழாவில், அங்குள்ள கோட்டைக்கு மேலே, திறந்தவெளியில் பாடினார்கள். அன்றும் முதல் சொல் வழுக்கியது; காற்று என்று சொல்லிக்கொண்டார்கள். தோட்டத்துக் கல்யாணங்களில் வழுக்கும்போது ராக்கிச் சாராயம் என்று சொல்லிக்கொண்டார்கள். வழுக்காத இடங்கள் எல்லாம் மண்டபங்கள். பக்கத்து ஊர் மண்டபம், மலைக்கு அப்பால் உள்ள பள்ளிக்கூடத்து மண்டபம், எல்லாவற்றிலும் இதே கூரை, இதே விளக்குகள். கடைசி விளக்கு நிலைக்கும்வரை பேசக் கூடாது. எதற்காக அப்படி நின்றோம்?

"ஒண்ணைப் போட்டுக் காட்டு" என்றார். குரல் அவருக்கே வேறு மாதிரி கேட்டது.

விழாவுக்கு அவர்கள் உடுத்தும் வெள்ளைப் பாவாடைகளும் கம்பளித் தொப்பிகளும் வைக்கிற மரப்பெட்டி, காலியாக, மேடையில் இருந்தது. தாஃபினா ஒரு பட்டியைத் தூக்கி வந்து அதன் மேல் வைத்து, பழைய டியூபை மாட்டி, ஒயரைச் சொருகினாள். டியூப் கண் சிமிட்டியது. முனைகள் சிவந்தன. யாரும் சொல்லாமலே எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

விளக்கு நிலைத்தது. பெட்டியின் வெற்று வயிற்றிலிருந்து அது எழுந்தது: தாழ்வான, முடிவில்லாத, ஒரே ஒலி.

ராப்போ பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். மரம் அதிர்ந்தது. அந்த ஒலியை அவர் முதல் தடவையாகக் கேட்டார், அதே சமயம் அதைத் தவிர வேறெதையும் வாழ்நாளில் கேட்டதே இல்லை என்றும் தோன்றியது. அவருடைய முதல் சொல் உட்காருகிற இடம் அதுதான். மயிரிழைகூட விலகவில்லை.

"அப்போ மணி..." என்றார் செனெல். தொப்பியைக் கழற்றினார்.

"இவ்வளவு நாளா இந்த விளக்கும் நம்ம கூட ஒருத்தனா நின்னிருக்கான்" என்றான் வாஞ்ஜெல். "ஒரு கோப்பை ராக்கி கூடக் குடுக்கலையே நாம."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் கேலியாகச் சொல்லவில்லை.

"எல்லா விளக்கும் இதே மாதிரியாம்மா பாடும்?" என்றார் ராப்போ.

"கரண்டு ஒண்ணுதானே மாமா." தாஃபினா தோளைக் குலுக்கினாள், அவளுக்கு இது தினசரி வேலை. "திரின் ஆத்து அணையில சக்கரம் சுத்துது, அந்தச் சுத்துதான் சோக்குல இரையுது. அதே வேகத்துலதான் கிரேக்கத்துலயும் சுத்துது, இத்தாலியிலயும் சுத்துது. போர்ச்சுகல் வரைக்கும் எல்லாத்தையும் ஒண்ணாக் கோத்திருக்கு. ஒண்ணு தனியா முந்தவும் முடியாது, பிந்தவும் முடியாது."

ராப்போவின் கை பெட்டியின் மேலேயே இருந்தது. மலையிலிருந்து இறங்கும் ஓர் ஆறு. அங்கிருந்து கடல்வரை, கடலுக்கு அப்பால் பெயர் தெரியாத ஊர்களின் பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரி நடைகள், ரயில் நிலையங்கள். எல்லாக் கூரையின் கீழும் இந்த ஒரே 'ஏ'. யாரும் காது கொடுக்காத அந்தச் சுருதியின் மேல் நின்றுகொண்டு, சின்ன ஊரில் பூரெக் சுடுகிற ஒருவன் பாடியிருக்கிறான். தன் மணி பறிபோனதாக அவருக்குத் தோன்றவில்லை. தன் வீட்டு முற்றம் இவ்வளவு பெரியதா என்று திகைத்தவர் போல நின்றார்.

"வேணும்னா ஒரு பட்டியை மேடைக்குப் பின்னால மாட்டி விடறேன்" என்றாள் தாஃபினா. "திரைக்குப் பின்னாடி. தேர்வுக்காரங்களுக்குத் தெரியவே தெரியாது."

நல்ல யோசனைதான். செனெல்கூடத் தலையாட்டினார். நாளைக்குத் தப்பித்துவிடலாம். ஆனால் ஜிரோகாஸ்தரில் மறுபடியும் கோட்டை, மறுபடியும் காற்று. ராப்போ பெட்டியின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பெட்டியின் மேல் கை வைத்தார்கள். கைகள் போதாதபோது முன்னால் இருந்தவரின் தோளில் வைத்தார்கள். அப்படியே வட்டம் கூடிவிட்டது.

"சரி, யோசிச்சு சொல்லுங்க. வண்டி நிக்குது" என்று தாஃபினா ஒயரை உருவினாள்.

டியூப் அணைந்தது. ஒலி அணையவில்லை.

அவள் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். குனிந்து பட்டியின் மேல் காதை வைத்தாள். பிறகுதான் செனெலின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்கள் மூடியிருந்தன. உதடுகள் லேசாகத் திறந்திருந்தன. அவருக்கு அடுத்தவரும் அப்படியே. ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் தாங்கினார். எப்போது தொடங்கினோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

ராப்போவின் உள்ளங்கைக்குக் கீழே மரம் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது, இந்த முறை மேலிருந்து கீழாக. வெண்மையான, சத்தமே இல்லாத வெளிச்சத்தில் அவர் அந்த முகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. அவர் வாயைத் திறந்தார். முதல் சொல் போய் உட்கார்ந்தது. வாஞ்ஜெல் அதை வாங்கி, சிரிப்பும் அழுகையுமாகத் திருப்பிக் கொடுத்தான்.

தாஃபினா பிளக்கைக் கையில் பிடித்தபடியே மேடை ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். பாட்டு முடியும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.