வேட்புமனுவில் ஆறு கையெழுத்து

லாசரஸைக் கீழே இறக்குவதுதான் அன்று காலை பெரும்பாடாக இருந்தது. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் அவர்கள் இருந்த அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் ஒன்று, ஐந்து, ஒன்பது ஆகிய மாடிகளில்தான் நிற்கும். லாசரஸும் அவர் மனைவி அருள்ஜோதியும் இருந்தது ஏழாவது மாடி. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விளங்காமல் போனபிறகு இரண்டு வருஷமாக வீட்டைவிட்டு வெளியே போனது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்.

அவரைப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து, வேலாயுதமும் நூருல் அமீனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். வேலாயுதம் ஐந்தாவது மாடிக்காரர், அரசாங்க அலுவலகம் ஒன்றில் பியூன். நூருல் அமீன் கீழே டீக்கடை வைத்திருந்தார். அவர் மனைவி கதீஜா முன்னால் போய்ப் படியில் கிடந்த பூந்தொட்டிகளை நகர்த்தினார். எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி மேடம் டான் குடையும் தண்ணீர் போத்தலுமாகப் பின்னால் வந்தார்.

"மெதுவா லா, மனுசனைத் தூக்குறீங்க, அரிசி மூட்டை இல்ல," என்றாள் அருள்ஜோதி.

லாசரஸ் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. ஆனாலும் அவர் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

அன்று வேட்புமனுத் தாக்கல். எண்பதாம் ஆண்டு டிசம்பர். அவர்கள் தொகுதியில் ஆளுங்கட்சி வேட்பாளரை எதிர்த்துத் தில்லையம்பலம் சுயேச்சையாக நிற்கப்போகிறார். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட நால்வர். ஆறு பேரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்கவேண்டும், நேரிலும் வரவேண்டும். அந்த ஆறு பேரையும் சேர்த்தவள் அருள்ஜோதி.

தில்லையம்பலம் யாழ்ப்பாணத்துக் குடும்பம். கிளார்க் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நூருல் அமீன் கடையில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுப்பார். லாசரஸுக்காக பஸ் கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதியவர் அவர்தான். எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்கவேண்டும் என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு அவர் எழுதிய மனுக்களுக்குக் கணக்கே இல்லை. கடைசியில் ஒருநாள், "எழுதிப் பிரயோசனமில்லை பிள்ளை, நான் நிக்கப்போறன்," என்றார்.

"கடைசி வரைக்கும் நிப்பீங்களா?" என்று அருள்ஜோதி அப்போதே கேட்டாள்.

"ஓம். தோத்தாலும் நிண்டு தோப்பம்."

அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் வீடு வீடாகப் போனாள். வேலாயுதம் ஒரு வாரம் யோசித்தார். "அக்கா, பேரை வெளியில ஒட்டுவாங்களாம். ஆபீஸ்ல பார்த்தா?" என்றார். "நானும்தான் போடுறேன், என் புருசனும் போடுறாரு. சட்டம் குடுத்த உரிமைதானே?" என்று அவள் சொன்னாள். லாசரஸ் இடது கையால் கையெழுத்துப் போட நாலு நாள் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதிப் பழகினார்.

மனுத்தாக்கல் ஒரு பள்ளிக்கூடத்தில். பதினொரு மணிக்கெல்லாம் தாளைக் கொடுத்தாகிவிட்டது. அதிகாரி சரிபார்த்து நகலை வெளியே பலகையில் ஒட்டினார். அருள்ஜோதி கிட்டப் போய்ப் பார்த்தாள். ஆறு பெயரும், அடையாள அட்டை எண்ணும், முகவரியும் தட்டச்சில் இருந்தன. ஆளுங்கட்சிக் கூட்டத்தில் இருந்து இரண்டு பேர் வந்து அதையே குனிந்து படித்தார்கள். ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். வேலாயுதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, "தண்ணி குடிச்சிட்டு வாறன்," என்று தில்லையம்பலம் உள்ளே போனார். மேடம் டான் தன் போத்தலை நீட்டினார். அவர் பார்க்கவில்லை.

நேரம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் அறிவித்தார்கள். சுயேச்சை வேட்பாளர் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டார். ஆளுங்கட்சி வேட்பாளர் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பக்கம் கொடிகள் எழுந்தன, ஆரவாரம். அருள்ஜோதி ஆங்கிலத்தைத் தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று மேடம் டானைப் பார்த்தாள். மேடம் டான் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க அவரு?" என்று லாசரஸ் கேட்டார். பின்வாசல் வழியாக டாக்சி ஏறிப் போய்விட்டதாக வாசல் காவலாளி சொன்னார்.

திரும்பி வந்து, வேலாயுதமும் நூருல் அமீனும் லாசரஸை ஐந்தாவது மாடியிலிருந்து ஏழுக்குத் தூக்கினார்கள். வீட்டுக்குள் இறக்கி வைத்தபிறகு வேலாயுதம் சொன்னார். "அந்த ஆளை எனக்குப் பழக்கமே இல்லக்கா. உங்க முகத்துக்காகத்தான் போட்டேன்." அவ்வளவுதான். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

உண்மையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரையும் வேலையிலிருந்து நீக்கவில்லை, யாரும் வந்து விசாரிக்கவில்லை. ஆனால் ஏதாவது வருமோ என்று ஒவ்வொருவரும் மாதக்கணக்காகக் காத்திருந்தார்கள். அருள்ஜோதி டீ வாங்கப் போனால் நூருல் அமீன் தலை நிமிராமல் ஆற்றிக் கொடுப்பார். கதீஜா காரிடாரில் எதிர்ப்பட்டால் அவசர வேலை இருப்பதுபோல் நடப்பார். வேலாயுதம் அடுத்த வருஷமே பூன் லே வட்டாரத்துக்கு வீடு மாற்றிக்கொண்டு போனார். சொல்லிக்கொள்ளவில்லை.

தில்லையம்பலம் கடைப்பக்கம் வரவே இல்லை. மூன்று மாதம் கழித்து, லாசரஸின் காலுக்குத் தேய்க்கத் தைலம் வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனபோதுதான் அருள்ஜோதி அவரைப் பார்த்தாள். சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடையிலிருந்து மனைவி இராசேஸ்வரியோடு இறங்கி வந்தார். தப்பிக்க இடமில்லை.

"பிள்ளை..." என்றார்.

"ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"மகளுக்கு ஒரு சம்பந்தம். மாப்பிள்ளையின்ர தகப்பன் பெரிய உத்தியோகத்தர். நான் எலெக்சனில நிண்டா வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம்."

"எப்ப சொன்னாங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். இராசேஸ்வரி நகைப்பெட்டி இருந்த பையை மார்போடு அணைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் நாள் பின்னேரம்."

மறுநாள் காலையில்தான் லாசரஸைத் தூக்கினார்கள். படியில் அவர் சிரித்தது நினைவுக்கு வந்தது.

"முதல் நாளே தெரியுமா? அப்புறம் எதுக்கு எங்களை வரச் சொன்னீங்க? எங்க பேரை எதுக்கு ஒட்ட வச்சீங்க?"

"ஒருவேளை நிண்டு பாக்கலாம் எண்டுதான் வந்தனான். ஆறு பேரும் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க சொல்ல வாய் வரேல்லை." பிறகு, சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "உங்களுக்கென்ன பிள்ளை, இழக்கிறதுக்கு ஒண்டும் இல்லைத்தானே? எனக்கு ஒரு பெட்டைப் பிள்ளை."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கத்தவேண்டும் என்று தோன்றியது. கத்தவில்லை. "அவரு நாலு நாள் எழுதிப் பழகினாரு," என்று மட்டும் சொன்னாள். அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அவள் திரும்பி நடந்தாள். தைலம் வாங்காமலே பஸ் ஏறினாள்.

லாசரஸிடம் அவரைப் பார்த்ததைச் சொன்னாள். முதல் நாளே தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

எண்பத்துநாலில் மறுபடி தேர்தல் வந்தது. ஒரு மத்தியானம், கண்ணாடி போட்ட இளம்பெண் ஒருத்தி கதவைத் தட்டினாள். தன் அண்ணன் சுயேச்சையாக நிற்பதாகவும், ஒரு கையெழுத்துக் குறைகிறது என்றும் சொன்னாள். "ஆன்ட்டி, கீழ கேட்டேன், யாருமே பேச மாட்டேங்குறாங்க. உங்க நேம்தான் யாரோ சொன்னாங்க."

"அண்ணனுக்குக் கல்யாணம் ஆகணுமா?" என்று அருள்ஜோதி கேட்டாள்.

"இல்ல ஆன்ட்டி, ஆயிருச்சு. ஏன்?"

"ஒண்ணுமில்ல." அவள் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தாள். மாடி மாடியாகக் கேட்டுக்கொண்டு படியேறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு, "எங்களால முடியாதும்மா, வேற யாரையாச்சும் பாரு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே கட்டிலில் இருந்து லாசரஸ் கேட்டார். "யாரு?"

"சோப்பு விக்கிற பொண்ணு."

பிறகு ஒவ்வொரு சொல்லாக அவர் சொன்னார்:

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, ஜோதி. நான் போட்டிருப்பேன்."

அவள் கதவருகிலேயே நின்றாள். வெளியே அந்தப் பெண்ணின் செருப்புச் சத்தம் படியில் இறங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவள் கூப்பிடவில்லை.