ஒரு கல்லுக்கு இரண்டு வயது

இங்கன வாங்க மக்கா, கிட்ட வந்து உக்காருங்க. மலை எழும்பின காலத்தைக் கல்லிடமே கேட்டு வாங்கின ஒருத்தியின் கதை சொல்லுதேன். கேட்டு முடிக்கையில உங்க நெஞ்சும் நிமிரும்.

நாசரேத்துக்காரி ஜெபசெல்வி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சில் தூத்துக்குடியில் கல்லூரி டீச்சர். ஆறு வருசமாகப் பாறை ஆராய்ச்சி. புதுத் துறைமுகத்தின் அலைதடுப்புக்குக் கல் உடைத்த குவாரியில், வரிவரியாக ஓடிய பாறையில் ஒரு துண்டு வெட்டி, வயது பார்க்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாள். பாறைக்குள் சில அணுக்கள் நிதானமாக வேறொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும்.

வந்தது. ஒன்றல்ல, இரண்டு. முழுப் பாறைக்கு நூற்றெழுபது கோடி வருசம். அதே பாறைக்குள் மினுங்கிய கறுப்பு மைக்காவுக்கு, அதாவது காக்காப்பொன்னுக்கு, ஐம்பத்தைந்து கோடிதான்.

ஆராய்ச்சியை மேற்பார்வையிட்ட பேராசிரியர் தேவபிரசாதம் தாளைத் தள்ளி வைத்தார். "ஒரு கல்லுக்கு ரெண்டு பொறந்தநாளாம்மா? லாரியிலிருந்து விழுந்ததைப் பொறுக்கிட்டு வந்திருப்பே." பங்குனிக்குள் விளக்கம் வராவிட்டால் ஆறு வருச உழைப்பும் குப்பைக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மாப்பிள்ளையூரணியில் அவள் வாடகைக்கு இருந்தது வடிவம்மாள் வீட்டில். இரண்டு பேருக்கும் ஒரே வயசு. வடிவம்மாளுக்கு உப்பளத்தில் வேலை. செல்வி தட்டில் கை வைக்காமல் இருப்பதைப் பார்த்து, என்ன ஏதென்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஏளா, இதுக்கா சோறு இறங்கல? ஐப்பசி மழையில எங்க உப்பு பூரா கரையுது. தை வெயில்ல அதே பாத்தியில மறுபடி விளையுது. பாத்தி பழசு, உப்பு புதுசு. ரெண்டு வயசும் நெசந்தானே?"

செல்வி எழுந்து நின்றுவிட்டாள். பாறை ஒருமுறை பிறந்தது. பிறகு கண்டங்கள் முட்டி மலை எழும்பியபோது ஆழத்தில் மறுபடி வெந்தது. அந்தச் சூட்டில் மைக்காவின் பழைய கணக்கு மட்டும் அழிந்து, ஆறியபின் புதுக்கணக்கு தொடங்கியது. அப்படியானால், சுற்றிலும் எங்கே வெட்டினாலும் மைக்கா ஒரே காலத்தைச் சொல்லவேண்டும். பொறுக்கிய கல்லென்றால் ஆளுக்கொன்று சொல்லும்.

ஐந்து இடத்தில் வெட்டினாள். லாரிக் கல் என்று யாரும் வாய் திறக்கக் கூடாதென்று, குவாரி மேஸ்திரி ஹாமிது முன்னால் உடைத்து, அவர் கையெழுத்தோடு ஒவ்வொன்றையும் கட்டி அரக்கு வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள்.

பங்குனி முதல் வாரம் பதில் வந்தது. ஐந்து மைக்காவும் ஐம்பத்தைந்து கோடியை ஒட்டியே நின்றன.

தேவபிரசாதம் இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் சொன்னது தப்பும்மா. நீ ஒரு மலைத்தொடரையே கண்டுபிடிச்சிருக்கே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே வடிவம்மாளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனாள். அலைதடுப்பின் வரிக்கல்லைக் காட்டி, வானம் முட்ட நின்ற மலையின் வேர் இதுதான், கண்டுபிடித்ததில் பாதி நீ என்றாள்.

வடிவம்மாள் காலைத் தூக்கிப் பார்த்தாள். "அப்ப செருப்பைக் கழட்டணுமோ?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், தூண்டில் போட்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நல்லா இருங்க மக்கா. உங்க வீட்டு அஸ்திவாரம் அந்தக் கல்லு மாதிரி நிக்கட்டும். உங்க அடுப்பில உலையும், உலைக்கு உப்பும் ஒருநாளும் குறையாம இருக்கட்டும்.