இருபது பொத்தான்கள்

ஃபபியானா வேலை பார்த்தது மொந்தேவிதேயோ நகரத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில். பேச்சு போனவர்களுக்கென்று அவர்கள் ஒரு செயலி செய்திருந்தார்கள். போனில் ஒரு பொத்தானைத் தொட்டால், அதில் எழுதி வைத்ததை அது உரக்கச் சொல்லும். இருபது பொத்தான் இலவசம். மேலே வேண்டுமென்றால் மாதாமாதம் கட்டணம். இருபதில் வேலி போடச் சொன்னவளே ஃபபியானாதான். பத்து என்றால் எரிச்சலில் ஓடிவிடுவார்கள், ஐம்பது என்றால் ஒருத்தனும் காசு கட்டமாட்டான் என்று முதலாளி ரமிரோவுக்கு விளக்கிக் கைதட்டல் வாங்கினாள். இந்த மகா கண்டுபிடிப்புக்குச் சம்பள உயர்வு வேறு.

தினமும் பயன்படுத்தியும் காசு கட்டாதவர்களை நேரில் பார்த்து, ஏன் என்று கேட்டு வருவதும் அவள் வேலைதான். அப்படித்தான் செர்ரோ பகுதியில் வில்மாரின் வீட்டுக்குப் போனாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். பக்கவாதத்தில் பேச்சும் வலது பக்கமும் போய், இடது கை மட்டும் மிச்சம்.

மனைவி நேலிதா, எல்லாரும் ஒரே குவளையில் மாறி மாறிக் குடிக்கும் மாத்தே என்ற மூலிகைத் தேநீரை ஊற்றிக் கொடுத்தபடியே சிரிக்க வைத்தாள். இந்த மனுஷன் முதலில் அழித்தது 'நன்றி' பொத்தானைத்தானாம். மாத்தே குவளையைத் திருப்பித் தரும்போது நன்றி சொன்னால், போதும், இனி ஊற்றாதே என்றுதானே இந்த ஊரில் அர்த்தம்? பாவம், அன்பாகச் சொல்லப்போய் அன்று முழுக்க மாத்தே இல்லாமல் உட்கார்ந்திருந்தாராம். வில்மாரும் ஒரு பக்க வாயால் சிரித்தார்.

இருபது போதுகிறதா என்று ஃபபியானா வந்த வேலையைக் கேட்டாள்.

"எங்க கண்ணு போதும்? பென்ஷன் மருந்துக்கே சரியாப் போவுது. புதுசா ஒண்ணு வேணும்னா பழசு ஒண்ண அழிக்கணும். போன மாசம் தோள் வலி உயிர் போச்சு. 'வலிக்குது'ன்னு போட இடம் இல்ல. 'கிழவி'ய எடுத்துட்டாரு."

"யாரும்மா கிழவி?"

"நான்தான். கல்யாணமான மறுவாரமே அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சிட்டாரு. அப்ப எனக்கு ஒரு நரைகூட இல்ல." நேலிதா குவளையில் வெந்நீர் ஊற்றினாள். "பக்கத்துலயே கெடக்கறவளுக்குப் பேரு எதுக்கு, எடுத்துடுங்கன்னு நான்தான் சொன்னேன். இப்பக் கூப்பிடணும்னா மேசையத் தட்டுறாரு. அடுப்படியில நிக்கும்போது காது பாட்டுக்கு அந்தக் 'கிழவி'யத் தேடுது."

வில்மார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஃபபியானா குவளையை மேசைமேல் வைத்தாள். அந்த இருபது யார் போட்ட கணக்கு என்று சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

வில்மாருக்கு மட்டும் வேலியைத் தளர்த்தும்படி அலுவலகத்தில் ரமிரோவிடம் கெஞ்சிப் பார்த்தாள். அவன் கெட்டவன் இல்லை, பொறுமையாகவே கேட்டான்.

"இலவசம் ருசி காட்டத்தான், ஃபபி. வயிறே நெறஞ்சுட்டா கடைக்குள்ள எவன் வருவான்? கட்டறவங்க காசுலதான் இலவசமே ஓடுது. ஒருத்தருக்குத் தொறந்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க." பிறகு மெதுவாகச் சொன்னான்: "இதெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானே?"

ஃபபியானா தன் இடத்துக்குத் திரும்பினாள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சில நாட்களைச் சும்மா கடத்தினாள். எங்கே, கண்ணை மூடினால் மேசை தட்டும் சத்தம். கடைசியில், வந்தது வரட்டும் என்று, ஊழியர்களுக்கு மட்டும் தரும் முழுப் பதிப்பை வில்மார் பெயருக்குத் திறந்துவிட்டாள். சொல்வதற்குப் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. நேரிலேயே போனாள்.

கதவைத் திறந்த நேலிதா அவளை நேரே கட்டிலருகே அழைத்துப் போனாள். இரண்டாவது முறையும் பக்கவாதம் அடித்திருந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாம். வில்மாரின் கண்கள் பாதி திறந்திருந்தன. இடது கையும் போர்வைமேல் போட்டது போட்டபடி கிடந்தது.

வந்த காரணத்தை ஃபபியானா தட்டுத்தடுமாறிச் சொன்னாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். முழுவதும் கேட்க நேலிதா நிற்கவில்லை, வில்மாரின் போனை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"மொதல்ல அதப் போட்டுக் குடு கண்ணு."

ஃபபியானா 'கிழவி' என்று எழுதிக் கொடுத்தாள். நேலிதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கணவரின் விரலைத் தன் விரலால் பிடித்துப் பொத்தானில் அழுத்தினாள்.

"கிழவி," என்றது போன்.

"இங்கதான் இருக்கேன்," என்றாள் நேலிதா.

மறுபடியும் அழுத்தினாள். போன் மறுபடியும் கூப்பிட்டது.

"சொல்லுங்க, என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.